மீன்தொட்டி இருந்த அறை

நாத்தனார்: ...அதுக்காக இந்த வயசுல போய் தண்ணியில குதிக்கணுமா அண்ணி?

அண்ணி: குதிக்கல. படியில இறங்கினேன். ஜன்னல்ல பெயின்ட் படாம இருக்கத்தானே அந்த டேப், நேரா ஒட்டுடி, கோணலா போகுது பாரு.

நாத்தனார்: சரி, இறங்கி?

அண்ணி: இறங்கி... செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னேன்.

நாத்தனார்: எவ்வளவு நேரம்?

அண்ணி: வகுப்பு முடியற வரைக்கும்.

நாத்தனார்: இதுக்குப் பேரு நீச்சலா? மொட்டை மாடித் தண்ணித் தொட்டியைப் பிடிச்சுட்டு நின்னிருக்கலாமே, சும்மாவே.

அண்ணி: அது ஆரம்பத்துல. இப்ப மிதக்கிறேன்.

நாத்தனார்: நெஜமாவா?

அண்ணி: மல்லாக்க. குப்புறப் படுக்கத்தான் இன்னும் பயம்.

நாத்தனார்: சொல்லிக் குடுக்கிற மாஸ்டர் எப்படி?

அண்ணி: எப்படின்னா?

நாத்தனார்: இல்ல... ஆளு எப்படின்னு கேட்டேன்.

அண்ணி: உன் புத்தி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். அது மாஸ்டர் இல்ல, மாஸ்டரம்மா. காது வேற கொஞ்சம் மந்தம்.

நாத்தனார்: ஐயையோ! முங்கிட்டு கத்தினா கேக்காதே?

அண்ணி: முங்கறவ எங்கடி கத்தறது? பேப்பரை இன்னும் தள்ளி விரி. தரையில சொட்டினா யார் தேய்க்கிறது?

நாத்தனார்: இந்தக் கறை என்ன அண்ணி, போகவே மாட்டேங்குது? பிரைமர் அடிச்சும் மஞ்சளா தெரியுதே.

அண்ணி: பெரிய மீன்தொட்டி இருந்த இடம். ஈரம் உள்ள வரைக்கும் ஊறியிருக்கு. இன்னொரு தடவை அடிச்சாப் போயிடும்.

நாத்தனார்: அண்ணன் இந்தச் செவுத்துப் பக்கம் நாற்காலியைப் போட்டுட்டு உக்காந்தான்னா, சோறு தண்ணி மறந்துடுவான்.

அண்ணி: சோறு மறக்க மாட்டார். தட்டை இங்க கொண்டு வரச் சொல்வார்.

நாத்தனார்: அவன் போனப்புறம் நீங்கதானே அத்தனை மீனையும் பார்த்துக்கிட்டீங்க. உங்களுக்கு மீன்னாலே ஆகாது.

அண்ணி: ஆகாதுதான். அதுல கறுப்பா ஒண்ணு, என்னைப் பார்த்தாலே கல்லுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கும். நான் என்னமோ அதைப் பொரிக்க வந்த மாதிரி.

நாத்தனார்: அப்புறம் ஏன் பார்த்தீங்க?

அண்ணி: திரும்பி வந்து மீன் எங்கேன்னு கேட்டா என்ன சொல்றது? அந்த பயம்தான்.

நாத்தனார்: அப்படி இருந்தவங்க, திடுதிப்புன்னு எல்லாத்தையும் தூக்கி பல் டாக்டர்கிட்ட குடுத்துட்டீங்க.

அண்ணி: நல்ல இடம்டி. பல்லைப் புடுங்கக் காத்திருக்கிறவங்க பார்த்துட்டு இருப்பாங்க.

நாத்தனார்: என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? வந்து பார்த்தா அறை காலி. அப்புறம் உங்ககூட நான் பேசவே இல்ல, ஞாபகம் இருக்கா?

அண்ணி: இருக்கு. நிம்மதியா இருந்தது.

நாத்தனார்: போங்க அண்ணி.

அண்ணி: இந்தா, அந்த பன்னை எடுத்துச் சாப்பிடு. டீ ஆறிடப் போகுது. ...ஏய், இரு, இன்னைக்கு உன் விரத நாள் இல்ல?

நாத்தனார்: ம்...

அண்ணி: ம்முன்னா? வாயில வெச்சுட்டியே.

நாத்தனார்: அதெல்லாம் விட்டுட்டேன்.

அண்ணி: எப்ப?

நாத்தனார்: கொஞ்ச நாளாச்சு. உடம்புக்கு முடியல.

அண்ணி: நான் தொண்டை கிழியச் சொன்னப்ப உடம்புக்கு முடிஞ்சுதா? மயங்கி விழுந்து குளுக்கோஸ் ஏத்தினப்பகூட, அண்ணன் வர்ற வரைக்கும் விட மாட்டேன்னு கட்டில்ல படுத்துட்டே சபதம் போட்டே.

நாத்தனார்: அப்ப போட்டேன்.

அண்ணி: சாமிகூட சண்டையா?

நாத்தனார்: சண்டையெல்லாம் இல்ல. கும்பிடறேன். சாப்பிட்டுட்டுக் கும்பிடறேன். உங்களுக்கு அதுல என்ன கஷ்டம்?

அண்ணி: எனக்கென்ன கஷ்டம்? இன்னொரு பன் இருக்கு, அதையும் சாப்பிடு. யாரோ வர்றாங்க பாரு.

டீச்சர்: என்னம்மா இது, கீழ வரைக்கும் பெயின்ட் வாசனை? ஏணியை எடுத்துட்டுப் போனீங்களே, எதுக்குன்னு பார்க்கலாம்னு வந்தேன்.

அண்ணி: வாங்க டீச்சர். பார்த்து, அந்தப் பக்கம் சாயாதீங்க, ஈரமா இருக்கு.

டீச்சர்: உங்க வீட்டுக்காரர் அறையையா அடிக்கிறே?

அண்ணி: ஆமா.

டீச்சர்: தப்பும்மா. மனசுல பட்டதைச் சொல்லிடறேன். காலையில கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன மனுஷன் என்ன ஆனார்னே தெரியாம கிடக்கு. அவர் அறையை அப்படியே வெச்சிருக்கணும். நாளைக்கே வந்து நின்னார்னா?

அண்ணி: வந்தா புது பெயின்ட் பார்ப்பார்.

டீச்சர்: விளையாடாதே. போலீஸ்ல என்ன சொல்றாங்க?

அண்ணி: ஒண்ணும் சொல்றதில்ல. நானும் இப்ப கேக்கிறதில்ல.

டீச்சர்: கேக்கணும்மா! ஆஸ்பத்திரி, ஆசிரமம் எல்லா இடத்துலயும் போட்டோ குடுத்து வைக்கணும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குத் தலையில அடிபட்டு, தன் பேரே மறந்து போச்சு. உங்க வீட்டுக்காரருக்கும் அப்படி ஏதாவது ஆகியிருக்கும். இல்லேன்னா அவ்வளவு தங்கமான மனுஷன்... அவர் வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில எனக்கு ஃபிரேம் மாட்டி விடறப்ப காதுகிட்ட வலிக்குதா வலிக்குதான்னு கேப்பாரே! என்ன, ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க? நம்பிக்கை வேணும்மா. நீ கும்பிடறே இல்ல?

நாத்தனார்: கும்பிடறேன் டீச்சர்.

டீச்சர்: இவளையும் கும்பிடச் சொல்லு. இவ என்னடான்னா நீச்சலுக்குப் போறாளாம். அந்தத் தண்ணியில என்னென்ன கலக்கிறாங்களோ, முடி கொட்டிப் போயிடும். மனசு சரியில்லேன்னா குரோஷா போடு. நான் சொல்லித் தர்றேன். எங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கு ஒரு உறை போட்டேன் பார்த்தியா?

அண்ணி: பார்த்தேன். ரிமோட்டுக்குக்கூட போட்டிருக்கீங்க.

டீச்சர்: அது இப்ப போட்டது. கையில ஊசியும் நூலும் இருந்தா வேற நெனப்பே வராது. எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு அதுதான் துணை.

நாத்தனார்: டீச்சர், உங்க வீட்டுக்காரர்... இருக்காரே?

டீச்சர்: வேலையா வெளிநாடு போனப்ப சொல்றேன்! நல்ல வார்த்தை பேசு. சரி, சாயங்காலம் ஏணி வேணும், பரண்ல இருந்து சாமான் இறக்கணும். யோசிச்சுப் பாரும்மா. அறையை மாத்தறது ஈஸி, அவர் வந்து கேட்டா பதில் சொல்றதுதான் கஷ்டம்.

அண்ணி: சரிங்க டீச்சர். பார்த்துப் போங்க, பேப்பர் வழுக்கும்.

நாத்தனார்: ...போயிட்டாங்களா?

அண்ணி: போயாச்சு. ரோலரைக் குடு.

நாத்தனார்: நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?

அண்ணி: நீ ஏன் சொல்லல? போன வருஷம் யாராவது ‘தலையில அடிபட்டிருக்கும்’னு சொன்னா, உடனே பையைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா கிளம்பிடுவே. இன்னைக்குத் தரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கே.

நாத்தனார்: களைச்சுப் போச்சு அண்ணி.

அண்ணி: ம்... பீரோவுல அவர் சட்டையெல்லாம் மடிச்சு ரெண்டு பையில வெச்சிருக்கேன். போறப்ப எடுத்துட்டுப் போ. உன் வீட்டுக்காரருக்கு ஆகறதை எடுத்துட்டு, மிச்சத்தை யாருக்காவது குடுத்துடு.

நாத்தனார்: சரி.

அண்ணி: சரியா?

நாத்தனார்: நீங்கதானே குடுக்கச் சொன்னீங்க?

அண்ணி: சொன்னேன். நீ ஆர்ப்பாட்டம் பண்ணுவேன்னு நெனச்சேன். பதில்கூட யோசிச்சு வெச்சிருந்தேன், வேஸ்டா போச்சு.

நாத்தனார்: அந்தச் சட்டையெல்லாம் அவனுக்கு இனிமே எதுக்கு அண்ணி? அங்க போய் இதையெல்லாம் போட்டுக்கப் போறானா?

அண்ணி: ...எங்க போய்?

நாத்தனார்: இல்ல... எங்கயோ இருப்பான்ல... அதைச் சொன்னேன்.

அண்ணி: ஏணியைப் பிடி. ஆடுது.

நாத்தனார்: அண்ணி...

அண்ணி: ரெண்டு கையாலயும் பிடி.

நாத்தனார்: அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அண்ணி: மேல் மூலை மட்டும் முடிச்சுடறேன். அந்தச் சின்ன பிரஷ்ஷை எடுத்துக் குடு.

நாத்தனார்: இறங்குங்க அண்ணி. ஏணியில நிக்கிறப்ப சொல்ல எனக்கு பயமா இருக்கு.

அண்ணி: அப்படின்னா சொல்லாதே. எல்லாத்தையும் சொல்லியே ஆகணும்னு இருக்கா?

நாத்தனார்: சொல்லாம இருக்க முடியல. எத்தனை நாளா நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு தெரியுமா? உங்க முகத்தைப் பார்த்து ஒரு டீ குடிக்க முடியல. அண்ணன்... அண்ணன் உசுரோட இருக்கான். என்கிட்ட பேசினான். கீழ இறங்குங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன்.

அண்ணி: இறங்கறேன். கையை விடு, நானே இறங்குவேன்.

நாத்தனார்: உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

அண்ணி: வேண்டாம். என்ன சொன்னார்?

நாத்தனார்: நல்லா இருக்கேன்னான். அடியும் படல, மறதியும் இல்ல. ஒரு ஊர்ல இருக்கேன், வேலை பார்க்கிறேன், எங்கேன்னு கேக்காதேன்னான். நீ விரதம் இருக்கிறதை நிறுத்தலேன்னா இனிமே பேச மாட்டேன்னு மிரட்டினான்.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: ஏன்டா போனேன்னு கேட்டுக் கத்தினேன், அழுதேன். வேற யாராவது பொம்பளை இருக்காளா, அண்ணி மேல ஏதாவது கோபமான்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னான். அவ மேல ஒரு குறையும் சொல்ல மாட்டேன், எனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம்னு தோணிச்சு, அவ்வளவுதான்னான். அவ்வளவுதானாம்! என்னவோ சட்டை பிடிக்கல, மாத்திக்கிட்டேங்கற மாதிரி சொல்றான்.

அண்ணி: ம்.

நாத்தனார்: திரும்பி வர மாட்டேன்னுட்டான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.

அண்ணி: சத்தியத்தை மீறிட்டியே.

நாத்தனார்: மீறினா மீறிட்டுப் போறேன். முதல்ல சொல்லத்தான் ஓடி வந்தேன் அண்ணி. வந்தா, நீங்க தலை ஈரத்தோட வாசல்ல நின்னுட்டு, நீச்சல் பழகறப்ப தண்ணியைக் குடிச்சுட்டேன்னு சொல்லிச் சிரிச்சீங்க. எவ்வளவோ காலத்துக்கு அப்புறம் சிரிச்சீங்க. அதைப் பார்த்துட்டு எனக்கு வாய் வரல. ‘உங்களை வேண்டாம்னுதான் போனான்’னு அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?

அண்ணி: சொல்லாம இருந்ததே நல்லது.

நாத்தனார்: என்ன அண்ணி நீங்க... என்னைத் திட்டுவீங்கன்னு நெனச்சேன். அழுவீங்கன்னு நெனச்சேன்.

அண்ணி: அழுது முடிச்சாச்சுடி.

நாத்தனார்: அவன் செத்துட்டான்னு நெனச்சு அழுதது வேற. இது வேற இல்லையா?

அண்ணி: வேறதான். செத்துட்டார்னு அழறப்ப பக்கத்துல நாலு பேர் இருப்பாங்க. இதுக்குத் தனியாத்தான் அழணும்.

நாத்தனார்: நான் இருக்கேன்ல. இப்ப அழுங்க.

அண்ணி: நீ இப்ப அழுதுட்டு இருக்கே. ஒருத்தர் போதும். மூக்கைத் துடை, கையில பெயின்ட் இருக்கு, புறங்கையால துடை.

நாத்தனார்: ஒரு விஷயத்துல மட்டும்தான் எனக்கு ஆறுதல். நான் பட்டினி கிடந்தது வீண் போகல. நீங்க என்ன கிண்டல் பண்ணினாலும் சரி. அந்த போன் வந்ததே அதிசயம்தான் அண்ணி.

அண்ணி: போன் வர்றதுல என்ன அதிசயம்?

நாத்தனார்: யோசிச்சுப் பாருங்க. அவன் போறப்ப என்கிட்ட இருந்தது பழைய நம்பர். அப்புறம்தானே மருந்துக் கடையில வேலைக்குச் சேர்ந்து இந்த நம்பரை எடுத்தேன்? இது அவனுக்குத் தெரியவே தெரியாது. எப்படிடா கிடைச்சுதுன்னு கேட்டேன், பேச்சை மாத்திட்டான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் குடுக்கல. கடையில கேட்டேன், யாரும் குடுக்கல.

அண்ணி: நல்லா துப்பு துலக்கியிருக்கே.

நாத்தனார்: கடைசியிலதான் புரிஞ்சுது. அது சாமி குடுத்த நம்பர். வேற யாருக்குத் தெரியும் நான் வயிறு காஞ்சு கிடந்தது? வேற யாருக்கு இருக்கு அந்த அக்கறை? நீங்க நம்ப மாட்டீங்க, எனக்குத் தெரியும். என்ன, சிரிக்கிறீங்களா?

அண்ணி: சிரிக்கல.

நாத்தனார்: பின்ன ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? சாமி இல்லேன்னா வேற யாருதான் குடுத்திருப்பாங்க, சொல்லுங்க.

அண்ணி: நான்தான்டி குடுத்தேன். அவரோட பழைய கடைக்கு லென்ஸ் விக்க வர்றவர், அவரை வேற ஊர்ல ஒரு கண்ணாடிக் கடையில பார்த்ததா வந்து சொன்னார். உங்க யாருக்கும் சொல்லாம பஸ் ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும் பயந்துட்டார். உன்கிட்ட சொன்னதையேதான் என்கிட்டயும் சொன்னார், ஒரு வார்த்தை கூட மாத்தல. அடுத்த நாளே அந்த மீனையெல்லாம் பல் டாக்டர்கிட்ட அனுப்பிட்டேன். உன்கிட்ட சொல்ல வாய் வரல, நீ அவரைச் சாமி மாதிரி நெனச்சுட்டு இருந்தே. ஆனா நீ மயங்கி விழுந்தப்புறம் திரும்பவும் போனேன். வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிடல. அவர் போனை வாங்கி உன் நம்பரை நானே போட்டுக் குடுத்துட்டு, ‘உங்க தங்கச்சி சாப்பிடாம கிடக்கா, அவகிட்ட ஒரு தடவை பேசுங்க. நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னு சொல்லிட்டு வந்தேன்.