நட்சத்திர செல் மேல் கறுப்புப் புள்ளி

அண்ணன்: மொதல்ல கதவைச் சாத்து. வெளிய எல்லார் காதும் இங்கதான் இருக்கு.

தங்கை: கேக்கட்டுமே! அந்த ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பாதீங்கன்னு கத்தியே சொல்றேன்...

அண்ணன்: இது என் லேப். வீட்டுல காட்டுற வீம்பை இங்க காட்டாதே.

தங்கை: சரிங்க சார், லேப்ல பேசுற மாதிரியே பேசுறேன். மூளையில மத்த செல்லுங்களை அடக்குற வேலை பார்க்கிற செல்லு, காபாங்கற ரசாயனத்தை உறிஞ்சும். கதிரியக்கம் ஏத்தின காபாவைக் குடுத்தா...

அண்ணன்: எனக்கே பாடமா?

தங்கை: ...உறிஞ்சின செல்லு மேல கறுப்புப் புள்ளி விழும். நட்சத்திரம் மாதிரி கிளை விட்டிருக்கற உங்க நட்சத்திர செல்லு மேல விழுந்துச்சு. உடனே, அடக்குற செல்லைக் கண்டுபிடிச்சுட்டேன்னு குதிச்சீங்க.

அண்ணன்: விழுந்துச்சா, இல்லியா? அதைச் சொல்லு!

தங்கை: அதைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருக்கற துணைச்செல்லும் காபாவை உறிஞ்சுமே! அதுங்க வாயை மட்டும் அடைக்கிற மருந்தை நீங்க ஊத்தவே இல்ல. நான் ஊத்திப் பார்த்தேன். உங்க செல்லு மேல ஒரு புள்ளி கிடையாது.

அண்ணன்: மருந்தை அள்ளிக் கொட்டியிருப்பே. எல்லாச் செல்லும் வாயை மூடிக்கிச்சு.

தங்கை: அதே ஸ்லைடுல பக்கத்துக் குட்டி செல்லு அட்டக்கரியா இருக்கே... அது எப்படியாம்?

அண்ணன்: பத்து வருஷம்டி! இந்த ஒரு செல்லை நம்பித்தான் இத்தனை பேர் இங்க உக்காந்திருக்காங்க.

தங்கை: அதுக்காகப் பொய் சொல்வீங்களா? நாளைக்கு எவனாவது மருந்து ஊத்திப் பார்ப்பான். காறித் துப்புவான். என் மூஞ்சியிலயும் சேர்த்துதான் துப்புவான். என் பேரும் அதுல இருக்குல்ல!

அண்ணன்: நீ செஞ்சதுதான் சரின்னு யாரு சொன்னா?

தங்கை: நீங்கதான்.

அண்ணன்: உளறாதே.

தங்கை: வேற லேப்லேர்ந்து வந்த ஸ்லைடுன்னு முந்தாநாள் ஒண்ணு குடுத்தேனே... "நட்சத்திர செல்லு சுத்தமா இருக்கு, புள்ளியே இல்ல"ன்னு உங்க வாயாலயே சொன்னீங்களே. அது நான் மருந்து ஊத்தின ஸ்லைடு!

அண்ணன்: தெரியும்.

தங்கை: என்னது?

அண்ணன்: ஸ்லைடுக்காக மூளையை நீ வெட்டுற வெட்டு எனக்குத் தெரியாதா? பார்த்ததுமே புரிஞ்சுது.

தங்கை: புரிஞ்சுமா... சே! அப்ப நிறுத்திடுங்கண்ணா. முடியாதுன்னா என் பேரையாவது எடுத்துடுங்க. இன்னும் அனுப்பலல்ல?

அண்ணன்: அந்த ஸ்லைடைப் பார்த்த அன்னிக்கே, ஒரு வரி மாத்தாம அனுப்பிட்டேன். உன் பேரைத்தான் மொதல்ல போட்டிருக்கேன்.