மடவை வறுக்கிற வாசனை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு திரும்பும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு மீனவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாளின் காலடியில், காலையில் மீன் விற்றுத் தீர்ந்த காலிக் கூடை. டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“சாராயம் கேக்கறது நானில்லமே. மூளதான் கேக்குதாம். டாக்டரே சொல்ட்டாரு.”

“மூளயா? உனுக்கா?”

“சிரிக்காத. கடையப் பாத்தா போதுமாம், மண்டைக்குள்ள ஒரு நரம்பு இன்னொரு நரம்புக்கு சேதி அனுப்புதாம், அங்க போனா ஜோரா இருக்கும்னு. வெளிச்சத்தப் பாத்து எறா வர்றாப்ல நானும் பூட்றேன். என் மேல இன்னா தப்பு?”

“வலையில வுழுந்த எறா வூட்டுக்கு வந்து பாட்டு பாடாதுய்யா.”

சாராயக்கடை நிறுத்தம் நெருங்கியது. அந்த அம்மாள் சட்டென்று அவர் கண்களைப் பொத்தினார்.

“இப்ப எப்டி சேதி போவுதுனு பாக்கறேன்.”

பஸ் நின்றது.

“கட வந்துட்ச்சி,” என்றார் அவர், பொத்திய கண்ணோடு.

“எப்டிய்யா தெரிஞ்சுது?”

“கட வாசல்ல மடவ மீனு வறுக்கறானே, அந்த வாசன. சேதி பூட்ச்சி.” பொத்திய கையை விலக்காமலே கேட்டார்: “ஆமா, காத்தால அவனுக்கு அந்த மடவைய வித்தது யாருமே?”

கண்டக்டர் விசில் கொடுத்தார். அந்த அம்மாள் கையைக் கண்களிலிருந்து எடுத்து, அவர் மூக்கைப் பொத்தினார். நாளையிலிருந்து அந்தக் கடைக்கு மீன் போடமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.