மாடு இழுத்த மோட்டார்

இந்த மாலை நேரத்து மகாசபைக்குத் தலைமை தாங்கி, சரிகை மின்னும் தலைப்பாகையோடும் சந்தனம் மணக்கும் மார்போடும் வீற்றிருக்கும் அம்பலத் தெருவின் பெரிய மிராசுதாரும், நெல்லை மோட்டார் அபிமானிகள் சங்கத்தின் தலைவரும், என் ஒரே மகளை மருமகளாக ஏற்றுக்கொண்ட சம்பந்தியுமான ஆவுடைநாயகம் பிள்ளை அவர்களே! வயதால் உயர்ந்து, வயலால் செழித்து, இத்தெருவின் நியாயங்களை விரல் நுனியில் வைத்திருக்கும் பெரியோர்களே! தென்புறத் தட்டிக்கு அப்பால் அமர்ந்து, எங்கள் முகங்களைப் பாராமல் எங்கள் சொற்களை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! எங்கள் முகங்களைப் பாராதிருப்பதும் சில வேளைகளில் ஒரு பாக்கியமே. அம்பாசமுத்திரத்திலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் வந்திருக்கும் விருந்தினர்களே! இறுதியாக, இத்தெருவுக்குள் அடி வைக்க அனுமதி இல்லாமல் தெருமுனைக்கு வெளியே நின்று செவி சாய்த்திருக்கும் சகோதரர்களே! அவ்வளவு தூரத்துக்கு என் குரல் எட்டாது என்று காரியதரிசி அன்போடு சொன்னார். எட்டும். நீதிமன்றத்தில் நீண்ட காலம் பழகிய தொண்டை இது. அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்கு இன்று இரண்டு வேலைகளைக் கொடுத்திருக்கிறீர்கள். முதல் வேலை, 'ஆயுள் முழுவதும் நீடிக்கும் மோட்டார் அபிமானம் ஒருவருக்கு முதன்முதலில் உண்டாவது எவ்வாறு?' என்பது பற்றிப் பேசுவது. இரண்டாவது வேலை, பேசி முடித்ததும் தலைவர் கொண்டுவரும் தீர்மானத்தை வழிமொழிவது. அந்தத் தீர்மானம் என்ன? டிரைவர் தேவசிகாமணியை இனி இவ்வூரில் மோட்டார் வைத்திருக்கும் எவரும் வேலைக்கு அமர்த்தலாகாது. அம்பலத் தெருவுக்குள் வரும் மோட்டார்கள், வழக்கப்படி, என்றென்றைக்கும் மாடு பூட்டியே இழுக்கப்பட வேண்டும்.

விருந்தினர்கள் சிரிக்கிறார்கள். சிரியுங்கள், ஐயா. உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். விளங்கிய பிறகும் சிரிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அபிமானம் எப்படிப் பிறக்கிறது? முதலில் தலைவரின் அபிமானத்தைச் சொல்ல வேண்டும், அதுதானே முறை! இதைச் சென்ற வருஷம் இதே மேடையில் அவரே பெருமிதத்தோடு சொன்னார். ஒரு நாள் அவர் வில்வண்டியில் பாளையங்கோட்டைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார். எதிரே ஒரு வெள்ளைக்கார உத்தியோகஸ்தரின் மோட்டார் வந்தது. மாடுகள் மிரண்டன. வண்டி சாலையோரப் பள்ளத்தில் சாய்ந்தது. மிராசுதார் மண்ணில் விழுந்தார். துரை திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்த புழுதி எல்லாம் இவர் தலைப்பாகையில் வந்து படிந்தது. புழுதியைத் தட்டிக்கொண்டே இவர் எழுந்தார். துரை மேல் கோபப்பட்டாரா? இல்லை. வண்டிக்காரன் சுடலையாண்டியைப் பார்த்துக் கேட்டார்:

"ஏலே, இது எங்கலே விக்குதாம்?"

எவ்வளவு உயர்ந்த கேள்வி! தன் மேல் விழுந்த புழுதியை இன்னொருவன் மேல் விழச் செய்ய வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்தது. அடுத்த தை மாதம் சென்னையிலிருந்து ரயிலில் மோட்டார் வந்து இறங்கியது. அதற்கு மாலை போட்டோம், திருஷ்டிப் பூசணி உடைத்தோம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். எல்லாம் செய்து முடித்த பிறகுதான் ஒரு பெரியவர் டிரைவரின் முகத்தைப் பார்த்தார்.

தேவசிகாமணி பாளையங்கோட்டை மிஷன் அச்சுக்கூடத்தில் இயந்திரம் சுற்றியவர். அவருடைய தகப்பனாரின் தகப்பனார் காலத்திலேயே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம். ஆனால் அந்தப் பாட்டனார் எந்தக் குடிசையில் பிறந்தார் என்பதை அந்தக் குடும்பம் மறந்தாலும் நம் தெரு மறக்குமா? கோவில் கணக்கு மறப்போம், குளத்துக் கரை மறப்போம், கொடுத்த வாக்கு மறப்போம். இதை மட்டும் மறக்க மாட்டோம்! தெருமுனையில் பஞ்சாயத்து கூடியது.

"மோட்டார் வரட்டும் வே, யாரு வேண்டாங்கா? ஓட்டுதவன் எறங்கணும்."

"அவன் எறங்கிட்டா அது எப்படி வே வரும்?"

"மாட்டைக் கட்டி இழும்!"

இழுத்தார்கள். அன்று முதல் இழுக்கிறார்கள். தேவசிகாமணி தெருமுனையில் இறங்கிவிடுவார். சுடலையாண்டி இரண்டு காளைகளைக் கொண்டுவந்து மோட்டாரின் மூக்கில் கயிறு கட்டுவான். எஜமானர் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். கடலுக்கு அப்பால் கருத்தூன்றிச் செய்த இயந்திரம், கழுத்து மணி குலுங்கக் காளைகளின் பின்னால் வரும். தேவசிகாமணியோ வாய்க்கால் கரைவழியாகச் சுற்றி நடந்து அடுத்த முனைக்கு வந்து நிற்பார். அவர் சும்மா நிற்கிற ஆள் இல்லை. தொப்பியைச் சாய்த்து வைத்திருப்பார், வாயும் கொஞ்சம் நீளம்.

"என்ன சுடலை, இன்னைக்கு இஞ்சினுக்குப் புண்ணாக்கு வச்சியா?" என்பார்.

"வச்சேன் அண்ணாச்சி. ஒம்ம இஞ்சின் சாணி போடல பாரும், அதான் கவலையா இருக்கு" என்பான் அவன்.

அவரிடம் ஒரு நாள் நானே கேட்டேன்: "ஏன் ஐயா, இவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் இந்த இரும்பின் மேல் உமக்கு என்ன இத்தனை ஆசை?"

அவர் சொன்னார்: "ஐயா, போற எடமெல்லாம் என்னைப் பின்னால நில்லுங்காக. இது ஒண்ணுலதான் மொதலாளி எனக்குப் பின்னால உக்காருதாக."

இதுவும் ஓர் அபிமானம்! ஒருவருக்குப் புழுதியில் பிறந்தது. இன்னொருவருக்கு இருக்கையில் பிறந்தது. ஒரே மோட்டார். ஆசைகள் எவ்வளவு வேறு!

பின்வரிசையில் யாரோ, "தலைப்புக்கு வாரும் வே!" என்கிறார்கள். தலைப்பில்தான் நிற்கிறேன், அண்ணாச்சி. நீங்கள்தான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மூன்றாவதாக என் மகள் பார்வதி. தட்டிக்கு அந்தப் புறம் அவளைத் தேடாதீர்கள், தாய்மார்களே. அவள் இன்னும் வரவில்லை. அவளுடைய கல்யாணத்தன்று மணமக்களை மோட்டாரில் ஊர்வலம் அழைத்துச் சென்றீர்கள். முன்னால் நாதசுரம், பின்னால் தீவட்டி, நடுவில் மோட்டார், மோட்டாருக்கு முன்னால் மாடு! தலை கவிழ்ந்திருந்த மணப்பெண், வெட்கத்தால் அல்ல, சிரிப்பை அடக்கத்தான் கவிழ்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். தெருமுனை வந்தது. கயிற்றை அவிழ்த்தார்கள். தேவசிகாமணி ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமிப் புறப்பட்டது. ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் காற்று வந்து அவள் முகத்தில் அடித்தது.

கூட வந்த அம்மாள்கள், "பையப் போப்பா, பையப் போப்பா" என்று பதறினார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒரு சின்னக் குரல் கேட்டது:

"இன்னும் வேகமாப் போகாதா அண்ணே?"

அன்று தொடங்கிய ஆசை. மாமியார் வீட்டில் அவள் கேட்டது நகை இல்லை, பட்டு இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பாலம் வரை ஒரு தரம் போய்வர வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொடுத்தார் என் சம்பந்தி. அதற்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். இந்த மேடையில் நான் மனமாரச் சொல்லும் நன்றி அது ஒன்றுதான்.

இனிச் சொல்லப்போவது சென்ற ஐப்பசியில் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு அவள் இதே தெருவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஒரு வழக்கின் பொருட்டுத் தூத்துக்குடியில் இருந்தேன். காலையில் அவளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே திரும்பியிருக்கிறது, என்னால் ஆகாது, ஆற்றுக்கு அந்தப் புறத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஆள் ஓடினான். தேவசிகாமணி தெருவுக்கு வெளியே உள்ள கொட்டகையிலிருந்து மோட்டாரைக் கொண்டுவந்து தெருமுனையில் நிறுத்தினார்.

நிறுத்தினார். ஏனென்றால் மாடு இல்லை. அது பிசான நடவுக் காலம். இத்தெருவின் காளைகள் அத்தனையும் வயலில் நின்றன.

மாடு இல்லையென்றால் மனிதர்கள் இல்லையா? இருந்தார்கள்! தெருமுனையில் திரண்டு நின்றார்கள். தள்ளியிருக்கலாம். ஆனால் தள்ளுவது கூலிக்காரன் வேலை, மேல்துண்டு அழுக்காகும். பெண்ணைக் கட்டிலில் தூக்கி வந்திருக்கலாம். ஆனால் பட்டப்பகலில் தெருவோடு தூக்கி வந்தால் பிணம் போலத் தெரியுமாம். குடும்பத்துக்குக் கௌரவக் குறைவாம். மோட்டார் உரிமையாளரின் மகன், என் மாப்பிள்ளை, அங்கேதான் இருந்தார். இரண்டு வருஷ மோட்டார் அபிமானத்தில் அவர் கற்றுக்கொண்டது ஹாரனின் ரப்பர்ப் பந்தை அமுக்குவது. அமுக்கினார். வயலில் நிற்கும் மாடு அதைக் கேட்டு வந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ! மறுபடியும் அமுக்கினார்.

என் வீட்டுக்குள் என் மகள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "வந்துட்டு அம்மா, வந்துட்டு" என்றாளாம். வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் தேவசிகாமணி ஏறி உட்கார்ந்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் அதட்டினார்:

"பொறுலே! மாட்டுக்கு ஆள் போயிருக்கு."

"மாடு வயல்ல நிக்கி, ஐயா. அங்கன ஒரு உசிரு கெடந்து துடிக்கி. நான் உள்ள வாரேன். அடிக்கணும்னா பொறவு அடிச்சுக்கிடுங்க."

"ஏலே, ஒன் எடம் எதுன்னு தெரியுமால?"

"தெரியும் ஐயா. இந்த சீட்டுதான்."

வந்தார். இத்தெருவுக்குள் ஒரு மோட்டார் தன் சொந்தக் காலில் வந்தது அன்றுதான். என் மனைவியும் மருத்துவச்சியும் பார்வதியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பாலத்தில் போகும்போது பள்ளம் பார்த்து அவர் வேகத்தைக் குறைத்தாராம். என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாளாம்:

"பையப் போகாதீங்க அண்ணே."

ஆஸ்பத்திரி டாக்டரம்மாள் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சற்று முன்னால் கொண்டுவந்திருந்தால் இருவரையும் கொடுத்திருப்பேன்." தாய் பிழைத்தாள். ஆண் பிள்ளை. உங்கள் பேரன், சம்பந்தி அவர்களே. என் பேரன்.

காரியதரிசி மணியடிக்கிறார். அடியுங்கள், ஐயா. தெருமுனையில் ஹாரன் அடித்தபோது வராத மாடு, இந்த மணிக்கு வரும் என்று நினைக்கிறீர்களா?

தந்தி கிடைத்து நான் ரயிலேறினேன். ஆஸ்பத்திரிக்குப் போய், மகளைப் பார்த்து, பிள்ளையையும் பார்த்துவிட்டு, மாற்று உடைகள் எடுப்பதற்காக மாலையில் வீட்டுக்கு வந்தேன். தெரு நனைந்திருந்தது. வாசலுக்கு வாசல் ஈரம். வானத்தைப் பார்த்தேன், மேகம் இல்லை. எதிரே வந்தவரிடம், "இங்கே மட்டும் மழை பெய்ததா?" என்று கேட்டேன்.

"மழ இல்ல அண்ணாச்சி. அந்தப் பய வண்டியோட உள்ள வந்துட்டாம்லா? தீட்டுப் போகக் கழுவி விட்டிருக்கோம்."

என் மகளின் உயிர் எந்தத் தடத்தில் திரும்பி வந்ததோ, அந்தத் தடத்தைக் கழுவினீர்கள்! பிள்ளையைப் பெற்று இழந்தவள் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கும் முன்பே கழுவினீர்கள்! மோட்டாரைத் தள்ள வராத கைகள் குடம் தூக்க வந்தனவே! தள்ளினால் அழுக்காகும் மேல்துண்டு, தண்ணீர் தெளித்தால் அழுக்காகாதோ? மாட்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இருந்ததே. ஈரம் காயும் வரையிலாவது என் முகத்தில் விழிக்காமலிருக்க ஒருவருக்கேனும் வெட்கம் இருந்ததா?

இப்போது தலைப்பின் கேள்விக்கு என் விடை. எனக்கு வயது ஐம்பத்து மூன்று. மோட்டாரை நான் விரும்பியதே இல்லை. அதன் நாற்றம் பிடிக்காது, அதன் இரைச்சல் பிடிக்காது, அது கிளப்பும் புழுதி பிடிக்காது. இந்தச் சங்கத்தில் சேர்ந்தது கூடச் சம்பந்தியின் மனம் கோணக் கூடாது என்பதற்காகத்தான். அந்த மாலையில், அந்த ஈரத் தெருவில், என் செருப்பில் ஒட்டிய சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்கு மோட்டார் அபிமானம் உண்டாயிற்று. ஆயுள் உள்ளவரை அது போகாது.

அடுத்து, தீர்மானம். வழிமொழியச் சொன்னீர்கள். ஒரு சிறு திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் வழிமொழிகிறேன். மோட்டாரை மாடுதான் இழுக்க வேண்டும், சரி. நடவுக் காலத்தில் மாடு வயலுக்குப் போய்விடும்போது, அந்த நுகத்தில் கழுத்தைக் கொடுக்க இச்சங்கத்தின் அங்கத்தினர்கள் முறை வைத்து வர வேண்டும். முதல் முறை தலைவருடையது. இதைச் சேர்த்துக்கொள்வீர்களா? தலைவர் தலைப்பாகையைத் தொட்டுப் பார்க்கிறார். கௌரவம் குறையுமா? அப்படியானால் வழிமொழிய என்னால் ஆகாது. எதிர்க்கிறேன். நீங்கள் அதை நிறைவேற்றினாலும் எதிர்க்கிறேன்.

இன்னும் ஒரு செய்தி. தேவசிகாமணியை மோட்டார் வைத்திருக்கும் எவரும் வேலைக்கு அமர்த்தலாகாது என்கிறீர்கள். காலம் கடந்துவிட்டது, ஐயா. நேற்றுச் சரக்கு ரயிலில் ஒரு மோட்டார் வந்திறங்கியது. என் மகள் பெயரில் வாங்கியது. அதற்கு டிரைவர் அவர். வேண்டுமா என்று பார்வதியிடம் கேட்டேன். ஐப்பசிக்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை. இதற்கு மட்டும் சொன்னாள்: "வேணும் அப்பா. ஆனா அண்ணன் தெருமுனையில எறங்கக் கூடாது."

அதோ, ஹாரன் சத்தம். பெரியவர்கள் சிலர் எழுந்து வாசலைப் பார்க்கிறார்கள். நன்றாகப் பாருங்கள். கழுத்து மணி கேட்கிறதா? கேட்காது. பின் இருக்கையில் என் மகள் இருக்கிறாள். முன் இருக்கையில் தேவசிகாமணிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அது எனக்கு. இத்தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நாங்கள் போகப் போகிறோம். நாளையும் போவோம். உங்கள் கிணறுகளில் தண்ணீர் உள்ளவரை கழுவுங்கள். எங்கள் சக்கரத்தில் சுழற்சி உள்ளவரை வருவோம்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்க மாட்டாமல் கேட்டவர்களுக்கும் என் நன்றி. தெருமுனைக்கு வெளியே நிற்கும் சகோதரர்களே, என் குரல் எட்டியிருந்தால் போதும். வருகிறேன், வணக்கம்.

சற்று வழி விடுங்கள், சம்பந்தி. என் மகள் காத்திருக்கிறாள். அவளை மறுபடியும் காக்க வைக்கக் கூடாது.