பாட்டில் வாங்கிய கை

24-1-2008, வியாழன்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். மாலை கம்ப்யூட்டர் வகுப்பு முடிந்து முவைலாவில் கட்டட வேலையாட்கள் நாங்கள் தங்கும் ரூமுக்குத் தாமதமாக வந்தேன். நாளைய மலைநடைக்கு யார் எங்கே நடப்பது என்று ரூமில் இருந்தவர்கள் அதற்குள் பேசி முடித்திருந்தார்கள். மருந்துப் பையோடு வரிசையின் கடைசியில் வர ஓர் ஆள் வேண்டுமாம். காரணம் கேட்காமல் சரி என்றுவிட்டேன்.

சாப்பிட்டு, விளக்கை அணைத்து, எல்லோரும் கம்பளிக்குள் சுருண்ட பிறகுதான் ரூமிலேயே மூத்தவரான சேதுபதி அண்ணன் வாயைத் திறந்தார்.

"நாளைக்கு நாம போறது அதே மலைப் பூங்காதான். என் மச்சான் வீரபாண்டிக்கு நடந்தது."

மூன்று வருடத்துக்கு முன்பு, இதே குளிர்காலம். மாலை ஐந்தரை மணி. மசாஃபி ஊருக்கு அப்பால், காட்டாற்றுப் பள்ளத்தை ஒட்டி இறங்கும் ஒற்றையடிப் பாதை... மழை விட்டு நாலு நாள்தான். வழி காட்டப் பாறைகளில் அடித்திருந்த வெள்ளை அம்புகளைச் சேறு மூடியிருந்தது. காலடியில் சரளை உருண்டது. பனிமூட்டம் இறங்கியது. முன்னால் போகிறவன் முதுகு மட்டும் தெரிந்தது.

எல்லோரும் ஒரே கட்டட சைட் ஆட்கள். வீரபாண்டி கடைசி. யாரும் விடுபடாமல் கீழே இறக்குவது அவன் பொறுப்பு.

முன்னாலிருந்து தண்ணீர் பாட்டில் கைமாறி வந்தது. பாதி குடித்தான். படியில் வரிசையாக நின்று கலவைச் சட்டி ஏற்றும்போது நாங்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கையைப் பின்னால் நீட்டினால் அடுத்தவன் வாங்கிக்கொள்வான். அந்தப் பழக்கம்... நீட்டினான்.

ஒரு கை வாங்கிக்கொண்டது.

"நாலு எட்டு வச்சப்புறம்தான் அவனுக்கு உறைச்சுதாம். பின்னாடி ஆளே கிடையாதேன்னு."

"ஆடா இருக்கும்ணே," என்றான் பக்கத்துக் கட்டில் அம்மையப்பன்.

"ஆடு கைநீட்டி வாங்குமாடா?"

யாரும் சிரிக்கவில்லை.

அந்த விரல்கள் ஈரமாக இருந்தனவாம். சிமெண்ட் காய்ந்த கைபோலச் சொரசொரப்பு. கிணறு தூர்வாரும்போது வருகிற வாடை. பின்னால் சரளை நகர்ந்தது... இவன் நின்றால் அதுவும் நின்றது. ஓட முடியாது. முன்னால் இருப்பவனை இடித்தால் இருவரும் பள்ளத்துக்குள்தான்.

முதுகில் எதுவோ தட்டியது. மெதுவாக. காலிச் சட்டியைத் திருப்பித் தரும்போது தட்டுவோமே, அதே மாதிரி.

பாட்டில்.

திரும்பாமல் வாங்கினான். பேசாமல் முன்னால் கொடுத்தான். அது கைமாறிக் கைமாறிப் போய்விட்டது.

கீழே பஸ்ஸில் தலை எண்ணினார்கள். சரியாக இருந்தது. ரூமுக்கு வந்த பிறகுதான் வீரபாண்டி சொன்னான்: பாதி குடித்துக் கொடுத்த பாட்டில், நிறைந்து திரும்பி வந்தது.

"அப்புறம்?" என்றேன்.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார்.

"வரிசையில மொத ஆளு நான்தான் தம்பி. கடைசி மடக்கு வரைக்கும் குடிச்சேன்... அடியில கொஞ்சம் மணல் கெடந்துச்சு."

வரிசையில் இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று அம்மையப்பனிடம் கேட்டேன். "ஒத்துக்கிட்டவன் நீ. கலாஸ், பேச்சு முடிஞ்சுது," என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

நான் நம்பவில்லை என்று இங்கே எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பகலெல்லாம் சட்டி மாற்றுகிற கைதான் என்னுடையதும்.

நாளை: ஐந்து மணிக்கு எழ வேண்டும். மருந்துப் பையில் டார்ச் வைக்க வேண்டும். முன்னாலிருந்து வரும் பாட்டிலைக் குடித்து முடித்துப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். கையைப் பின்னால் நீட்டக் கூடாது.