விரலுக்குப் பக்கத்தில்

— இன்னைக்கு ஒன்பதாம் தேதி, ஞாயித்துக்கிழமை, காலைல பத்தேகால். நூலகக் கட்டடம், ரெண்டாம் நம்பர் வாக்குச்சாவடி. பார்வை இல்லாதவங்களுக்கு வச்சிருக்கிற பிரெய்ல் தாளைக் கேட்டேன். தலைமை அதிகாரி ஒரு வழவழ அட்டையைக் கையில கொடுத்தாரு.

— யார்கிட்ட பேசுறீங்க மேடம்? உள்ள போன் கொண்டுவரக் கூடாது.

— போன் இல்ல சார். எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். புகார் கொடுக்கும்போது நாக்கு குழறக் கூடாது பாருங்க. நான் ஆஸ்பத்திரி டெலிபோன் ஆபரேட்டர். நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பழக்கம்.

— என்ன புகார்? அது பிரெய்ல் தாள்தான் மேடம். நானே பொறுப்பா வாங்கி, பத்திரமா வச்சிருந்து கொடுக்கிறேன்.

— இதுல புள்ளி எங்க சார்?

— தடவிப் பாருங்க. இருக்கும்.

— அப்போலேர்ந்து அதைத்தானே செய்றேன்? ஜன்னல் கண்ணாடியத் தடவுற மாதிரி இருக்கு. என்ன பண்ணீங்க இதை?

— ஒண்ணும் பண்ணல. போன தேர்தல்ல மத்தியானத்துக்குள்ள தாள் அழுக்காகி, முனையெல்லாம் கிழிஞ்சுபோச்சு. அதான் இந்தத் தடவை முன்கூட்டியே லேமினேட் பண்ணிட்டேன். ரெண்டு பக்கமும்.

— லேமினேட்டா?

— ஆமா மேடம். எங்க ஆபீஸ்லயே மெஷின் இருக்கு. உள்ள விட்டா சூடா அழுத்தி...

— சூடா அழுத்தி?

— சுருக்கமே இல்லாம... தட்டையா...

— சொல்லுங்க சார், லைன்லதான் இருக்கேன்.

— ஐயய்யோ.

— பிரெய்ல்னா மேடு சார். மேட்டையெல்லாம் இஸ்திரி போட்டுட்டு என்னைப் படிங்கிறீங்க.

— நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன் மேடம்.

— எங்களுக்கு நடக்கிற பாதிக் கெட்டது நல்லது நினைச்சவங்க கையாலதான் நடக்குது. வாசல்ல சரிவுப் பாதை கட்டியிருக்கீங்க, நல்லது. அது மேல ஒரு பைக் நிக்குது. என் குச்சி போய் அதுலதான் முட்டுச்சு. சக்கர நாற்காலிக்காரர் ஒருத்தர் ஏற முடியாம கீழயே இருந்து தொண்டை கிழியக் கத்திட்டு இருக்காரு. யாரு வண்டி சார் அது?

— அது... நிழல் அங்கதான் இருந்துச்சு.

— ஓ. உங்க வண்டியா?

— எடுக்கச் சொல்றேன் மேடம். கோபப்படாதீங்க.

— கோபப்படாம? வாரம் பூரா ரேடியோவுல சொன்னாங்க, யார் துணையும் இல்லாம நீங்களே போடலாம், எல்லா ஏற்பாடும் தயார்னு. நம்பி, தனியா ஆட்டோ பிடிச்சு வந்தேன்.

— பாப்பா! இங்கதான் நிக்கிறியா? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?

— நீங்க யாரு சார்?

— இவளோட அண்ணன் சார். டைல்ஸ் கடை வச்சிருக்கேன். எப்பவும் இவ ஓட்டுக்குத் துணை நான்தான்.

— அப்பாடா! துணைக்கு ஆள் வந்தாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சு மேடம்.

— யாருக்குத் தீர்ந்துச்சு? உங்களுக்கா, எனக்கா?

— பாருங்க மேடம், சட்டம்னு ஒண்ணு இருக்கு. பார்வை இல்லாதவங்க ஒரு துணையோட போகலாம்.

— வேணும்னா கூட்டிட்டுப் போகலாம். எனக்கு வேணாம்.

— பாப்பா, அடம் பிடிக்காத. பின்னாடி வரிசை எவ்வளவு நீளம் தெரியுமா? வெயில்ல நிக்கிறாங்க.

— தெரியும். திட்டுறதெல்லாம் காதுல விழுது. கண்ணு தெரியாதவங்க வீட்ல இருக்க வேண்டியதுதானேன்னு ஒருத்தன் சொன்னான். அவன் குரல் எனக்கு மனப்பாடம். என்னைக்காவது ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணுவான்ல, அன்னைக்கு வச்சுக்கிறேன். அப்புறம், என்னைப் பாப்பான்னு கூப்பிடாத. நாப்பத்தியோரு வயசு எனக்கு.

— சார், ஒரு மாசத்துக்கு முன்னாடி தனியா அறை எடுத்துட்டுப் போனா. அன்னையிலேர்ந்து இந்தப் பேச்சுதான். சோறு போட்ட கைக்கு இதுதான் மரியாதை.

— அந்தச் சோத்துல என் சம்பளமும் சேர்ந்துதான் வெந்துச்சு அண்ணே.

— நீங்களே நியாயம் சொல்லுங்க சார். நாலு தேர்தலா நான்தான் கூடப் போறேன். இவ சொன்னதை ஒரு தடவை மாத்தியிருப்பேனா? போன தடவை அலமாரிச் சின்னத்துக்குப் போடணும்னா. எனக்கு அந்தக் கட்சியக் கண்டாலே ஆகாது. நான் வாளிச் சின்னத்துக்காக வீடு வீடா ஏறி இறங்கினவன். ரெண்டாவது பொத்தான்ல என் வாளி, என்னை அமுக்கு, என்னை அமுக்குன்னு கெஞ்சிட்டு இருந்துச்சு. அதைத் தாண்டி, இவ விரலைப் பிடிச்சு ஆறாவது பொத்தானைத்தான் அழுத்தினேன். எங்கம்மா மேல சத்தியம்.

— கேட்டீங்களா மேடம்? இப்படி ஒரு அண்ணன் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

— கேட்டேன். ஆறாவது பொத்தான். அதானே அண்ணே?

— ஆமா. ஆறு.

— சரி. என் ஓட்டு யாருக்குன்னு இத்தனை பேர் முன்னாடி மைக் இல்லாமலே சொல்லிட்ட. உன் ஓட்டை எவனாவது இப்படிக் கத்தியிருந்தா சட்டையப் பிடிச்சிருக்க மாட்ட? எனக்குன்னா மட்டும் ரகசியம் கிடையாதா?

— இதுல என்ன ரகசியம்? நாம ஒரே ரத்தம்.

— வெளிய போய் நில்லு.

— மேடம், அண்ணன் வேணாம்னா நான் வர்றேன். நீங்க சொல்ற பொத்தானை நான் அழுத்துறேன்.

— உங்களை நம்பி ஒரு தாளைக் கொடுத்தாங்க. அது என்ன ஆச்சுன்னு பார்த்தோமே.

— அப்போ வேற என்னதான் வழி? சொல்லுங்க.

— வேட்பாளர் வரிசைய மேலேர்ந்து கீழ வரைக்கும் வாய்விட்டுப் படிங்க. சின்னம் போதும். ஆஸ்பத்திரில எல்லா வார்டு நம்பரும் என் தலைக்குள்ளதான் இருக்கு. இது எம்மாத்திரம்?

— வாய்விட்டுப் படிக்கலாம்னு சட்டத்துல எங்கயும் இல்லையே மேடம்.

— லேமினேட் பண்ணலாம்னு இருக்கா?

— ...சார், நீங்க கொஞ்சம் வாசலுக்கு வெளிய நில்லுங்க.

— நானா? கூடப் பிறந்தவன் சார் நான்!

— நில்லுங்க சார். கூப்பிடுறேன்.

— நல்லா இருக்குய்யா உங்க நியாயம். தப்பா எதையாவது அமுக்கிட்டு அழுதுட்டு வருவா பாருங்க. அப்போ தெரியும் அண்ணன் அருமை.

— போயிட்டாரு மேடம். போன தடவை வரிசை இல்ல இது, மாறியிருக்கு. படிக்கிறேன். ஒண்ணு சீப்பு. ரெண்டு மண்வெட்டி. மூணு வாளி. நாலு கத்தரிக்கோல். அஞ்சு அலமாரி. ஆறு பம்பரம். ஏழு திருகாணி.

— இப்போ கீழேர்ந்து மேல.

— எதுக்கு?

— ரெண்டு தடவையும் ஒண்ணு போலச் சொல்றீங்களான்னு பார்க்க. நல்லது நினைச்சு நடுவுல எதையாவது மாத்திட்டீங்கன்னா?

— குத்துறீங்களே மேடம். சரி. திருகாணி, பம்பரம், அலமாரி, கத்தரிக்கோல், வாளி, மண்வெட்டி, சீப்பு. போதுமா?

— போதும்.

— மெஷின்ல ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்துலயும் அதோட எண் பிரெய்ல்ல இருக்கு மேடம். அது செய்யும்போதே வச்சது. நான் அதுல கை வைக்கல.

— தெரியும் சார்.

— கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகவா?

— நீங்க என் கையப் பிடிக்காதீங்க. நான் உங்க முழங்கையப் பிடிச்சுக்கிறேன். மறைப்புகிட்ட விட்டுட்டுத் தள்ளிப் போய், முதுகைக் காட்டி நில்லுங்க.

— முதுகைக் காட்டுறேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— குரல் எந்தப் பக்கம் போகுதுன்னு வச்சுத் தெரியும். பேசிக்கிட்டே இருங்க.

— என்ன பேசுறது?

— மன்னிப்புக் கேளுங்க.

— மன்னிச்சுக்கங்க மேடம். எனக்கு அந்தப் புள்ளியப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்கத் தோணல. மன்னிச்சுக்கங்க. இன்னும் எவ்வளவு நேரம் மேடம்... ஆங், சத்தம் வந்துருச்சு. விழுந்துருச்சு மேடம்.

— இந்தாங்க உங்க அட்டை. என்னை மாதிரி இன்னும் யாராவது வந்தா இதைக் கொடுக்காதீங்க. வாய்விட்டுப் படிங்க. அதுக்கு முன்னாடி போய் வண்டிய எடுங்க. அவரு இன்னும் கத்திட்டு இருக்காரு.

— இதோ போறேன் மேடம். சாவிய எங்க வச்சேன்... சார், உங்க தங்கச்சி போட்டுட்டாங்க. வாங்க.

— பாப்பா! எதை அமுக்கின?

— சொல்ல மாட்டேன்.

— என்கிட்டயேவா? சரி விடு. குத்துமதிப்பா எதையோ ஒண்ணை அமுக்கியிருப்ப. எந்தப் பொத்தான் எத்தனாவதுன்னு உனக்கு என்ன தெரியும்?

— ஒவ்வொரு பொத்தானுக்குப் பக்கத்துலயும் அதோட எண் புள்ளியில இருக்கு அண்ணே. விரல் பட்டாலே தெரியும்.

— அட, பரவாயில்லையே! இந்தத் தடவைதான் புதுசா வச்சிருக்காங்களா?

— இல்ல. போன தடவையும் இருந்துச்சு. நீ என் விரலைப் பிடிச்சு அழுத்தினது ரெண்டு.