கவனக்குறைவுன்னு எழுதாதீங்க

இந்த ரூம்ல ஏசி சரியா வேலை செய்யல சார். சுவத்துல சூடு காட்டுற டப்பா இருபத்திநாலுன்னு காட்டுது, ஆனா நீங்க வேர்வையைத் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க. டப்பாவை ஏசி காத்து நேரா படுற இடத்துல மாட்டியிருக்காங்க. அது தன் மூஞ்சிக்கு முன்னாடி இருக்கிற குளிரைத்தான் சொல்லும், ரூமோட சூட்டைச் சொல்லாது. கழட்டி எதிர்ச்சுவத்துல மாட்டச் சொல்லுங்க. தொழில் புத்தி சார், எங்க போனாலும் முதல்ல கண்ணு அங்கதான் போகுது.

டீ வேண்டாம். வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். ஆலையில நீராவி லைன் வெடிச்சதைப் பத்தி நீங்க எழுதின அறிக்கையில, 'ஹீட்டிங் டெக்னீஷியனின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்'னு ஒரு வரி இருக்காமே. தங்கச்சி வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்த ஒருத்தர் சொன்னார். அந்த டெக்னீஷியன் நான்தான். அந்த வார்த்தையை எடுக்கணும். இந்த வேலைக்கு வந்ததுல இருந்து நான் கவனக்குறைவா ஒரு காரியம் பண்ணினது கிடையாது. அந்த ஜாயின்ட்டை நான் வேணும்னேதான் அப்படி விட்டேன்.

பேனாவைக் கீழ வைக்காதீங்க. நிதானமாத்தான் சொல்றேன், எழுதிக்கங்க.

அங்க ஓடுறது சாதாரண இரும்பு பைப் இல்ல, குரோம் கலந்தது. ரெண்டு பைப்பை வெல்டிங் அடிச்சுச் சேர்த்ததும் அந்த இடம் விறைச்சுப்போய் நிக்கும். வெளிய பார்க்க அழகாத்தான் இருக்கும். அப்படியே விட்டா என்னைக்காவது ஒருநாள் விரிசல் விடும், அப்புறம் வெடிக்கும். அதனால ஜாயின்ட்டைச் சுத்தி, பாய் மாதிரி சுருட்டுற ஹீட்டர் பாயைக் கட்டி, மேல கம்பளியைப் போர்த்தி, கரண்ட் குடுத்து மெதுவா சூடேத்தணும். பைப் மங்கலாச் சிவக்கிற வரைக்கும் ஏத்தி, அங்கேயே நிறுத்தி வச்சு, அப்புறம் அதைவிடப் பொறுமையா இறக்கணும். சூடு எவ்வளவுன்னு சொல்றதுக்கு ஒரு ஒயர் உண்டு. அதோட நுனியை பைப் மேலயே ஒட்டணும். மறுமுனை மெஷினுக்குப் போகும், அங்க ஒரு பேனா கோடு போடும். கோடு ஏறும், சமமாப் போகும், இறங்கும். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான் வேலை. வெல்டருங்க என்னை அடுப்புன்னுதான் கூப்பிடுவாங்க. 'அடுப்பு வந்தாச்சு, உலையை வைங்கடா'ம்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். சூடு வைக்கிறவனுக்கு ரோஷம் கூடாது சார்.

பிரச்சினை, புதுசா வந்த இன்ஸ்பெக்டர்னால ஆரம்பிச்சுது. சின்ன வயசு, நல்ல பையன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. பேனா மாதிரி ஒரு கருவி வச்சிருப்பார். பைப் மேல வச்சு ஒரு அழுத்து அழுத்தினா, எவ்வளவு விறைப்பா இருக்குன்னு நம்பர் காட்டும். அதை வச்சு ஒவ்வொரு பைப்பா நாடி பார்த்துக்கிட்டே போவாரா, டாக்டர்னு பேர் வச்சிட்டாங்க. பம்ப் ரூம் கதவுக்கு மேல ஒரு ஜாயின்ட் இருக்கு. நான் சூடு பண்ணி முடிச்சது. டாக்டர் ஏணியில ஏறி நாடி பார்த்தார். மறுபடி பார்த்தார். கீழ வெல்டருங்க, ஃபிட்டருங்க, சாரம் கட்டுறவங்க எல்லாரும் நிக்கிறாங்க. மேல இருந்தே சொல்றார், "அண்ணே, இது இன்னும் விறைப்பாத்தான் இருக்கு. ஒயர் பைப்பை விட்டுக் கிளம்பி, ஹீட்டர் பாயில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. மெஷின் பாயோட சூட்டைக் காட்டியிருக்கு, பைப் சூடே ஏறல. ஒயரைப் புதுசா ஒட்டி, திரும்பப் பண்ணிடுங்க."

யாரோ ஒருத்தன் பின்னாடி இருந்து, "அடுப்புல நெருப்பில்லடோய்"னான். எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்கு அவமானமா இருந்துச்சு சார். மறைக்க என்ன இருக்கு? நான் ஒட்டின ஒயர் கிளம்பாது. கருவியில கோளாறு இருக்கும், இல்ல அவர் பிடிச்ச விதம் சரியில்லாம இருக்கும். ஆனா அதைச் சொன்னா யார் கேக்கப் போறாங்க? படிச்சவர், கையில மெஷின் இருக்கு. சரின்னு தலையாட்டிட்டு அங்கிருந்து நகர்ந்து வந்துட்டேன்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என்னைச் சோதிக்கிறவரை நானும் ஒரு தடவை சோதிச்சுப் பார்க்கணும். தப்பே இல்லாத ஜாயின்ட்ல தப்பு கண்டுபிடிச்ச மனுஷன், நிஜமாவே தப்பான ஜாயின்ட்டைக் கண்டுபிடிக்கிறாரான்னு பார்ப்போம். நியாயமான சோதனைதானே?

அடுத்து சூடு பண்ண வேண்டியது படிக்கட்டுக்கு நேர் மேல இருக்கிற ஜாயின்ட். எல்லாரும் சாப்பிடப் போன நேரம். வழக்கம் போல பாய் கட்டினேன், கம்பளி போர்த்தினேன். கரண்ட் மட்டும் குடுக்கல. அதே பைப்ல வெட்டிப்போட்ட துண்டு ஒண்ணை சாரத்துக்குப் பின்னாடி வச்சு, அதுக்கு ஒரு பாயைக் கட்டி, ஒயரை அதுல ஒட்டினேன். மெஷின்ல கோடு அவ்வளவு அழகா வந்துச்சு. ஒரு துண்டு இரும்புக்கு நான் அன்னைக்குப் பண்ணின வேலை மாதிரி சுத்தமான வேலையை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க.

கதவு ஜாயின்ட்டையும் அன்னைக்கே திரும்பப் பண்ணினேன். அது நிஜமான சூடு. ஒயரை மாத்தல. நல்லா இருக்கிற ஒயரை எதுக்கு மாத்தணும்? மாத்தினா அவர் சொன்னது சரின்னு ஆயிடும்.

மறுநாள் டாக்டர் வந்தார். கருவி இடுப்புல தொங்குது. நான் காத்துக்கிட்டு இருக்கேன். சத்தியமா சொல்றேன், அவர் மட்டும் படிக்கட்டு ஜாயின்ட்டை நாடி பார்த்துக் கண்டுபிடிச்சிருந்தா, எல்லார் முன்னாடியும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். அவர் என்ன பண்ணினார் தெரியுமா? என்னைத் தனியா கூட்டிட்டுப் போனார்.

"அண்ணே, அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னது என் தப்பு. தனியாச் சொல்லியிருக்கணும். உங்க மாப்ள வந்து, நீங்க ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலைன்னு சொன்னார். இந்த ரெண்டையும் நான் தொட மாட்டேன். உங்க கை மேல நம்பிக்கை இருக்கு"ன்னார். சொல்லிட்டு ரெண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுட்டார்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாமேன்னுதானே பார்க்கறீங்க? எதுக்குச் சொல்லணும்? அவர் சோதனையில தோத்துட்டார். மரியாதைக்காகக் கருவியைத் தொடாதவர் என்ன இன்ஸ்பெக்டர்? இப்ப அவரை வேலையில இருந்து நிறுத்தி வச்சிருக்காங்களாமே. இனிமே எந்த பைப் மேலயும் அவர் கை வைக்க முடியாது. அது சரிதான்.

மாப்ளன்னு சொன்னேன்ல, அவன் என் தங்கச்சி புருஷன். அங்கேயே பம்ப் ஆபரேட்டர். அவனை யாரு தூது போகச் சொன்னா? அவன் குணமே அப்படித்தான், ரெண்டு பேர் முறைச்சுக்கிட்டா நடுவுல புகுந்து சேர்த்து வைக்கணும். என் கல்யாணம் நின்னுபோனப்பகூட பொண்ணு வீட்டுக்கு நடையா நடந்தவன் அவன்தான். எனக்கு அவன் மேல கோவம் கிடையாது. அதனாலதான் லைன்ல நீராவி விட்டதும் முதல் வேலையா அவன்கிட்டப் போய், "டேய் மாப்ள, டூட்டிக்கு வரப்ப போறப்ப அந்தப் படிக்கட்டு வழியா மட்டும் போகாத. பம்ப் ரூம் கதவு வழியா சுத்திப் போ"ன்னு சொன்னேன்.

"ஏன் மச்சான்?"

"படி வழுக்குது."

"வழுக்கி விழுற வயசு உங்களுக்குத்தான் மச்சான்"ன்னு சிரிச்சான். தங்கச்சி அடுக்களையில இருந்து, "அண்ணன் சொன்னாக் கேளுங்களேன்"னா. "உங்க அண்ணன் பேச்சைத் தட்ட முடியுமா? சுத்தியே போறேன்"னு சொன்னான். சொன்னான், அவ்வளவுதான். படிக்கட்டு குறுக்கு வழி சார். அவன் சோம்பேறி. கைக்கெட்டுற தண்ணிச் சொம்பைக்கூட தங்கச்சிதான் எடுத்துக் குடுக்கணும்.

இன்னும் எத்தனையோ பேர் அந்தப் படியில ஏறி இறங்கினாங்க. எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா? நான் அவனுக்குச் சொன்னேன். கேக்காதது அவன் தப்பு.

வெடிச்ச அன்னைக்கு நான் வேற ஊர்ல வேலையில இருந்தேன். தங்கச்சிதான் போன் பண்ணினா. அழக்கூட இல்ல. "அண்ணா, அவருக்கு வலிச்சிருக்குமா?"ன்னு மட்டும் கேட்டா. அந்தச் சூட்டு நீராவி வெளிய வர்ற இடத்துல கண்ணுக்கே தெரியாது சார், கொஞ்ச தூரம் போய் ஆறினதுக்கு அப்புறம்தான் வெள்ளையாத் தெரியும். இருக்குன்னு தெரியாமலே உள்ள நடந்து போயிருப்பான். அதனால வலிச்சிருக்காதுன்னு சொன்னேன். எங்க வெடிச்சுதுன்னு நான் கேக்கல. கேக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்ல.

இவ்வளவுதான். வேணும்னே பண்ணினது, தெரிஞ்சே பண்ணினதுன்னு எழுதுங்க. என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன். கவனக்குறைவுன்னு மட்டும் எழுதாதீங்க.

இது என்ன படம்?

பம்ப் ரூம் கதவு. நல்லாத் தெரியுது. கதவே கழண்டு கிடக்கு. இந்த மஞ்சள் ஹெல்மெட் அவனோடதுதான், பின்னாடி தங்கச்சி பெயின்ட்ல ஒரு பூ போட்டுக் குடுத்திருப்பா.

படிக்கட்டு ஜாயின்ட்டுக்கு ஒண்ணும் ஆகலையா? அப்படியே நிக்குதுன்னா சொல்றீங்க?

இல்ல சார். அப்படின்னா அவன் நான் சொன்ன வழியாப் போயிருக்கணும். அவன் கேக்க மாட்டான், அவனை எனக்குத் தெரியும். படிக்கட்டுல வெடிச்ச வேகத்துல இவ்வளவு தூரம் தூக்கி வந்து போட்டிருக்கும். இல்லைன்னா உங்க ஆளுங்க படத்தை மாத்தி வச்சிருப்பாங்க. திரும்பப் போய்ப் பார்க்கச் சொல்லுங்க. பேனாவை எடுங்க, படிக்கட்டு ஜாயின்ட்டுன்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்.

கதவு ஜாயின்ட் வெடிக்காது சார். அதை நான் சூடு பண்ணியிருக்கேன்.