நேர் வெட்டு

அதுல உக்காராதீங்க மாப்பிள்ளை, ஊசி கிடக்கும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஆங். இப்ப என்ன, என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போகணும், அவ்வளவுதானே? கூட்டிட்டுப் போங்க, யாரு வேணாங்குறா? உள்ள மிஷின் சத்தம் கேக்குதுல்ல? அவ போர்வைக்கு ஓரம் அடிச்சு முடிக்கட்டும்.

அட, கத்திரிய எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? அது என் பொழப்பு. தையல் கம்பெனி கம்பெனியா ஏறி, வெட்டி மிஞ்சின துணிய மூட்டையாப் பேரம் பேசி வாங்கி, சதுரம் சதுரமா நறுக்கி, ஒட்டுப் போட்டுப் போர்வை வித்து ஆளானவ நான். பெரியவளுக்கு வாய்க்கு முன்னாடி கை பேசும்னு பொண்ணு பாக்க வந்தப்பவே உங்ககிட்ட சொன்னாங்கல்ல? பொய்யா சொல்லுவாங்க?

இந்தப் பையில என்ன இருக்குன்னு தெரியுதா? நல்லாப் பாருங்க. உங்க வீட்டு பீரோதான். அவளோட மொத்தத் துணியும், துண்டு துண்டா. ஜன்னல் திரைய உடம்புல சுத்திக்கிட்டு, இந்தப் பையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்து நின்னா என் வாசல்ல. உதடு பிஞ்சு தொங்குது. அழக்கூட இல்ல, பாவி மக. அக்கா, இத ஒட்ட முடியுமாங்குறா.

என்னது? கோவத்துல கண்ணு மண்ணு தெரியலையா?

கோவம்னா என்னன்னு என்கிட்டக் கேளுங்க. ஒருத்தன் நனைஞ்ச துணிய மூட்டைக்கு அடியில வச்சு என் தலையில கட்டப் பாத்தான். தராசுத் தட்ட எடுத்து வீசினேன், பல்லு தெறிச்சு மூட்டைக்குள்ள போச்சு. குறி பாத்தா வீசினேன்? கையில கிடைச்சுது, வீசினேன். அதுக்குப் பேரு கோவம்.

இந்தத் துண்ட வெளிச்சத்துல பிடிங்க. ஓரத்துல வெள்ளையா என்ன அது? சாக்பீஸ் கோடு. இன்னொண்ண எடுங்க. அதுலயும் இருக்கு. எத எடுத்தாலும் ஒரே அளவு, கம்பெனில சாம்பிள் துண்டு வெட்டுவீங்களே, அதே அளவு. அடுக்கி, மேல இரும்பு வச்சு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டு, ஆற அமர வெட்டியிருக்கீங்க. கட்டிங் மாஸ்டர் கை, கோணுமா? எனக்கு நறுக்குற வேலையே வைக்கல மாப்பிள்ளை, நேரா ஒட்டிக்கிட்டே போறேன். கூலி வேணுமா?

உக்காருங்க. உக்காருடா! எந்திரிச்சே, இந்த இஸ்திரிப் பெட்டிய மூஞ்சியில வச்சு அழுத்திருவேன். சூடாத்தான் இருக்கு. துணி மடிப்புன்னு நெனச்சுத் தேச்சு விட்டுருவேன்.

இன்னும் ஒண்ணு பாக்கல நீ. இந்தா. ரெண்டு பக்கம் நூல் பிடிச்ச மாதிரி நேரா வந்திருக்கு. மூணாவது பக்கம் இழுத்துக்கிட்டுக் கோணலாப் போயிருக்கு. இந்தப் பழுப்பு சாயம் இல்ல. இத வெட்டுறப்போ துணிக்குள்ள அவ இருந்தா. முதுகுல ஸ்கேல வச்சுக் கோடு போட்டியாமே. துணி நகருது, ஆடாம நில்லுன்னு அதட்டினியாமே. மேஜையில விரிச்ச துணிகிட்டச் சொல்ற மாதிரி. பொண்டாட்டிடா அவ!

இத மட்டும் நான் எந்தப் போர்வையிலயும் வைக்க மாட்டேன். இது என்கிட்ட இருக்கும்.

பேரமா? ஒரு தடவ மன்னிச்சு அனுப்பு, இனிமே தொட மாட்டேன், அதானே? பேரம் பேசியே வயிறு கழுவுனவகிட்ட வந்து பேரம் பேசுற. சரக்கு கடையில இருந்தாத்தான்டா பேரம்.

என்ன, முழிக்கிற? மிஷின் சத்தமா? அது என் வீட்டுக்காரர். மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாது, வெறும் மிஷினப் பாவம் மிதிச்சுக்கிட்டு இருக்கார். ஏங்க, போதுங்க, கால் வலிக்கப் போகுது!

நீ வாசல்ல செருப்பக் கழட்டினப்பவே அவ பின்பக்கமா இறங்கிட்டா. எங்க போறேன்னு என்கிட்டச் சொல்லாதடின்னுட்டேன், என் வாய் நிக்காது பாரு. என் உடுப்பத்தான் மாட்டிக்கிட்டுப் போறா. தொளதொளன்னு சாக்கு மாதிரி இருக்கும் அவளுக்கு. இருக்கட்டும். ஒரு இடத்துலயும் ஒட்டுப் போடாத முழுத்துணி.